பப்பாளி கொடுத்த நாற்பது நாட்கள்

அன்வருக்கு,

உனக்கு என் சலாம். சுகமா என்று கேட்டுவிட்டுத்தான் மற்றதை எழுத வேண்டும். நான் கேட்கவில்லை. கேட்டால், நல்லாத்தான் இருக்கேன் அத்தா என்று எழுதுவாய். அதை இனிமேல் என்னால் நம்ப முடியாது. பயந்துபோய்த்தான் இதை எழுதுகிறேன். உன் கல்யாணத்துக்கு இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. வீட்டில் எல்லோரும் பத்திரிகை கொடுக்கவும் சமையல்காரரைப் பார்க்கவும் அலைகிறார்கள். நான் மட்டும் மாப்பிள்ளையின் இடுப்பு அளவை நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை ஷெர்வானிக்கு அளவு கொடுக்க உன்னைக் கூட்டிக்கொண்டு போனேன் அல்லவா. டைலர் உன் இடுப்பில் டேப்பைச் சுற்றிப் பார்த்துவிட்டு, பழைய நோட்டைப் புரட்டினார். "இன்னா பாய், பெருநாளைக்கு எடுத்த அளவுக்கு ரெண்டரை இஞ்ச் கம்மியா இருக்குது? மாப்ளைக்கு இப்பவே கவலை வந்துருச்சா?" என்று சிரித்தார். நீயும் சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த அரை மணி நேரத்தில் நீ மூன்று டம்ளர் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்திருந்தாய். வீட்டுக்கு வந்தால், உன் பையிலிருந்து அழுக்குத் துணியை எடுத்துக்கொண்டிருந்த உன் அம்மா ஒரு பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். மூன்று மாதம் முன்னால் நான் அனுப்பிய மாத்திரை. மூடிகூடத் திறக்கவில்லை.

சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில், சென்னை பஸ் புறப்படப் போகிற நேரத்தில், நீ ஜன்னல் வழியாகக் குனிந்து கேட்டாய். "அத்தா, அந்த மாத்திரை எதுல செய்றாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாதுப்பா. டாக்டர் குடுத்தது" என்றேன்.

"நெஜமாவே தெரியாதா?"

"தெரியாது."

நீ என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய். பஸ் கிளம்பிவிட்டது. செவ்வாய்க்கிழமை பூத்திலிருந்து உன் ஆபீசுக்குப் போன் போட்டேன். "நான் நல்லா இருக்கேன் அத்தா, வேலை இருக்குது" என்று வைத்துவிட்டாய். அதனால்தான் இந்தக் கடிதம். நீ கேட்டதற்கு இப்போது பதில் சொல்கிறேன். தெரியும். பன்றியின் கணையத்தைக் காய வைத்துப் பொடி செய்து அந்த மாத்திரையைச் செய்கிறார்கள். உன் ரூமில் இருக்கிற மெடிக்கல் ரெப் பையன் சொல்லியிருப்பான் என்று நினைக்கிறேன். அவன் சொன்னது உண்மை. எனக்கு அது பன்னிரண்டு வருடமாகத் தெரியும். நீ இப்போது செய்திருக்கும் காரியத்தை, அதே காரணத்துக்காக, உனக்குப் பதினோரு வயதில் நானும் செய்தேன். அதில் நீ செத்துப் பிழைத்தாய். அதை உன்னிடம் சொல்லாமல் உன்னைக் கல்யாணப் பந்தலில் உட்கார வைக்க எனக்குத் தைரியம் இல்லை.

முதலிலிருந்து சொல்கிறேன். உனக்கு ஒன்பது வயது. நாம் மத்தூரை விட்டு ஓசூர் வந்து ஏழெட்டு வருடம் ஆகியிருந்தது. தொழிற்பேட்டையில் உதிரி பாகங்கள் செய்யும் கம்பெனி ஒன்றில் நான் லேத்தில் நின்றேன். நீ சாப்பிட்டுக் கொஞ்ச நேரத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, தலையணையைக் கட்டிக்கொண்டு குனிந்தே உட்கார்ந்திருப்பாய். நிமிர்ந்தால் வலிக்கிறது என்பாய். பூச்சி என்றார்கள், சூடு என்றார்கள், ஸ்கூலுக்குப் போகாமல் இருக்க நடிக்கிறான் என்று நானே ஒரு நாள் உன்னை அடித்திருக்கிறேன். உனக்கு அது ஞாபகம் இருக்கிறதோ என்னவோ, எனக்கு இருக்கிறது. எலும்பும் தோலுமாக ஆனாய். ஆனால் பசி மட்டும் குறையவே இல்லை. பெரிய ஆள் மாதிரி தின்பாய். உன் அம்மா பார்த்தாள், பிள்ளை இளைக்கிறான், நெய் போட வேண்டும் என்றாள். களியில் குழி பண்ணி நெய், சோற்றில் நெய், சும்மாவே ஒரு கரண்டி நெய். நெய் போடப் போட நீ இன்னும் இளைத்தாய். கக்கூஸில் எண்ணெய் மிதக்கும். எத்தனை வாளி தண்ணீர் ஊற்றினாலும் போகாமல் ஒட்டிக்கொண்டிருக்கும். அதைப் பற்றி வெளியில் சொல்ல வெட்கப்பட்டோம். வெட்கப்படாமல் ஒரு டாக்டரிடம் சொல்லியிருந்தால் ஒரு வருடம் முன்னாலேயே தெரிந்திருக்கும்.

பெங்களூரில் அந்த டாக்டரம்மாவிடம் கடைசியாகப் போனோம். அவர் கன்னடம் பேச, நான் தமிழில் பதில் சொல்ல, பாதிக்குமேல் அவரே தமிழுக்கு வந்துவிட்டார். எக்ஸ்ரேயை விளக்குப் பெட்டியில் மாட்டினார். உன் முதுகெலும்புக்குக் குறுக்கே, வயிற்றுக்குப் பின்னால், வெள்ளை வெள்ளையாகச் சின்னக் கற்கள். பத்து வயதுப் பிள்ளையின் உடம்பில் கல். கணையம் என்று ஒரு உறுப்பு இருப்பதையே அன்றைக்குத்தான் கேள்விப்பட்டேன். "மரவள்ளிக் கிழங்கு நிறைய சாப்பிடுவீங்களா?" என்று கேட்டார். மத்தூர் பக்கம் அது இல்லாமல் எப்படி, சாப்பிடுவோம் என்றேன். "சிலர் அது காரணம்னு சொல்றாங்க. சிலர் இல்லேன்னு சொல்றாங்க. யாருக்கும் சரியா தெரியாது. அதுக்கோசரம் நீங்க அழாதீங்க" என்றார். எனக்கு அது ஆறுதலாக இல்லை. எதனால் வந்தது என்று தெரிந்தால் அதைத் தடுக்கலாம். தெரியாத ஒன்றை எப்படித் தடுப்பது?

அவர் அவசரப்படாத மனுஷி. வெளியில் இருபது பேர் காத்துக்கொண்டிருந்தும் உட்கார வைத்து விளக்கினார். "இன்னிக்கு வீட்டுக்குப் போய் வெறும் சோறு ஒரு கவளம் வாயில போட்டு, முழுங்காம மென்னுக்கிட்டே இருங்க. கொஞ்ச நேரத்துல இனிக்கும்" என்றார். வீட்டுக்கு வந்து செய்து பார்த்தேன். இனித்தது. எச்சிலில் இருக்கும் ஒரு பொருள் சோற்று மாவை உடைத்துச் சர்க்கரை ஆக்குகிறதாம். அதற்கு என்சைம் என்று பெயர். தமிழில் நொதி என்று உன் பள்ளிக்கூடப் புத்தகத்தில் பிறகு பார்த்தேன். நாம் தின்பது அப்படியே ரத்தத்தில் போய்ச் சேராது. மாவு, புரதம், கொழுப்பு எல்லாமே பெரிய பெரிய துண்டு. குடலின் சுவர் அவ்வளவு பெரியதை உள்ளே விடாது. பொடிப் பொடியாக உடைத்தால்தான் விடும். வாய் கொஞ்சம் உடைக்கும், இரைப்பை கொஞ்சம் உடைக்கும். ஆனால் பெரும்பாலான வேலையைச் செய்வது கணையத்திலிருந்து ஒரு குழாய் வழியாகக் குடலுக்குள் இறங்கும் சாறுதான். முக்கியமாக எண்ணெய், நெய், கொழுப்பு. அதை உடைக்க அந்தச் சாற்றை விட்டால் பெரிதாக வேறு கதியில்லை. உனக்கு அந்தச் சாறு கிட்டத்தட்ட வற்றிப் போயிருந்தது. நீ தின்ற நெய் உன் உடம்புக்குள் போகவே இல்லை. தொண்டையில் இறங்கி அடியில் போய்விட்டது, அவ்வளவுதான். உன் அம்மா அதைக் கேட்டுவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மாத்திரை கொடுத்தார். சாப்பாட்டோடு போட வேண்டும், வெறும் வயிற்றில் போட்டால் அதற்கு அங்கே வேலை இல்லை என்றார். உனக்கு மாத்திரை முழுங்கத் தெரியாது. உன் அம்மா பொடி பண்ணிக் கெட்டியான அரிசிக் கஞ்சியில் கலந்து ஆற வைத்துவிட்டு, தண்ணீர் பிடிக்கப் போனாள். திரும்பி வந்து பார்த்தால் கஞ்சி தண்ணீராக ஓடுகிறது. "ஏங்க, இதப் பாருங்க, கரண்டி நின்ன கஞ்சிங்க!" என்று கத்தினாள். ஏதோ விஷத்தைக் கொடுத்துவிட்டார்கள் என்று நினைத்து அதைக் கீழே கொட்டிவிட்டோம். அடுத்த முறை டாக்டரம்மாவிடம் சொன்னபோது அவர் கைகொட்டிச் சிரித்தார். "அதுதாம்மா அதோட வேலை. உள்ள செய்ய வேண்டியத வெளியவே செஞ்சிருச்சு" என்றார். பொடி பண்ணி வாயில் வைத்திருந்தால் வாயையும் புண்ணாக்கும் என்று எச்சரித்தார். ஒரு மாதம் வாழைப்பழத் துண்டில் வைத்து வைத்து, முழுசாக முழுங்கக் கற்றுக்கொண்டாய். எட்டு மாதத்தில் உன் கன்னம் திரும்பி வந்தது. தெருவில் கில்லி விளையாடினாய். நெய் தின்று சீரணித்த பிள்ளை என்று உன் அம்மா பக்கத்து வீட்டுக்காரர்களிடம் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

அப்புறம்தான் அந்தக் காகிதம் வந்தது. வழக்கமான கடையில் மாத்திரை இல்லாமல், பெங்களூரில் வேறு கடையில் பெரிய டப்பாவாக வாங்கினேன். உள்ளே பொடி எழுத்தில் மடித்த ஒரு தாள் இருந்தது. எனக்கு இங்கிலீஷ் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும், டிராயிங் பார்க்கும் அளவுக்கு. அதில் ஒரு வார்த்தை புரியவில்லை. கம்பெனியில் இன்ஸ்பெக்ஷனில் இருந்த ராமமூர்த்தியிடம் காட்டினேன். டீ இடைவேளை. அவர் படித்துவிட்டு, தாளை மடித்து என் சட்டைப் பையிலேயே வைத்தார். "வுடுங்க பாய். மருந்துதானே" என்றார்.

"இன்னான்னு சொல்லுங்க சார்."

"பன்னியோடது" என்றார். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

நான் அதற்கப்புறம் மெஷினில் நின்றது எப்படி என்று எனக்குத் தெரியாது. பன்னிரண்டு பீஸ் அன்றைக்கு ரிஜெக்ட் ஆனது. என்ன பயம் என்று கேட்டால் ஒன்று சொல்ல முடியாது. படைத்தவனுக்குப் பயந்தேன். உன் அம்மாவுக்குத் தெரிந்தால் என்ன செய்வாளோ என்று பயந்தேன். மத்தூரில் என் அண்ணன்மார்களுக்குத் தெரிந்தால் என்ன பேசுவார்களோ என்று பயந்தேன். என் பிள்ளைக்கு நானே, என் கையாலேயே, மூன்று வேளையும் ஊட்டியிருக்கிறேனே என்று நினைத்தேன். யாரிடமாவது போய்க் கேட்டிருக்கலாம். பள்ளிவாசல் நாலு தெரு தள்ளித்தான் இருந்தது. கேட்டால் ஊருக்குத் தெரிந்துவிடும் என்று அதற்கும் பயந்தேன். அன்றைக்கு மாலையே உன் அம்மாவிடம் சொன்னேன்: "டாக்டரம்மாவுக்குப் போன் பண்ணேன். பையன் தேறிட்டான், கொஞ்ச நாளைக்கு மாத்திரைய நிறுத்திப் பாக்கச் சொன்னாங்க." அவள் சந்தோஷப்பட்டாள். கையேந்தி துஆ கேட்டாள்.

நான் முட்டாள்தனமாக மட்டும் இருக்கவில்லை, கெட்டிக்காரத்தனமாகவும் இருந்தேன். அதுதான் இன்னும் மோசம். கல்யாண வீட்டில் முற்றிய ஆட்டுக்கறி வேகாவிட்டால் பச்சைப் பப்பாளியை அரைத்துப் போடுவார்கள், பார்த்திருப்பாய். கறி பஞ்சு மாதிரி ஆகிவிடும். பப்பாளிக்குள்ளும் அதே மாதிரி ஒரு நொதி இருக்கத்தானே வேண்டும், செடியில் வருவது, யாருக்கும் தடையில்லை என்று கணக்குப் போட்டேன். சந்தையில் தளிப் பக்கத்திலிருந்து காய்கறி கொண்டு வரும் ஆளிடம் சொல்லிவைத்துப் பச்சைப் பப்பாளி வாங்கினேன். வெட்டினால் பால் வடியும் காய். ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் பிறகு நாலு துண்டு, உப்புத் தொட்டுக் கொடுத்தேன். கசக்குது அத்தா என்று முகத்தைச் சுளிப்பாய். தின்னு, உடம்புக்கு நல்லது என்பேன். நாற்பது நாள்.

முதல் வாரம் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாவது வாரம் கக்கூஸில் எண்ணெய் திரும்பி வந்தது. மூன்றாவது வாரத்தில் மக்ரிப் தொழுகைக்கு நானும் நீயும் பள்ளிவாசலுக்கு நடக்கும்போது, லேசாக இருட்டியிருந்ததுதான், நீ சாக்கடை ஓரத்தில் காலை வைத்து விழுந்தாய். "கண்ணு தெரியலையா?" என்று கேட்டேன். "தெரியல அத்தா" என்றாய், சாதாரணமாக, ஏதோ எல்லோருக்கும் அந்த நேரத்தில் கண் தெரியாது என்பது போல. நான் உன் கையைப் பிடித்துக்கொண்டேன். பிடித்த கை எலும்பாக இருந்தது. அப்போதும் நிறுத்தவில்லை. இன்னும் இரண்டு துண்டு பப்பாளி கூட்டிக் கொடுத்தேன்.

நாற்பதாவது நாளோ நாற்பத்தொன்றாவது நாளோ, காலை பதினோரு மணி இருக்கும், சூப்பர்வைசர் வந்து மெஷினை நிறுத்தச் சொன்னார். ஸ்கூலிலிருந்து ஆள் வந்திருந்தது. உனக்கு ஒரு கடைவாய்ப் பால்பல் ஆடிக்கொண்டிருந்தது. முதல் பீரியடில் நீயே நாக்கால் தள்ளிப் பிடுங்கியிருக்கிறாய். ரத்தம் நிற்கவில்லை. நான் போகும்போது ஆபீஸ் அறை பெஞ்சில் உட்கார்ந்திருந்தாய். உன் டீச்சரின் புடவைத் தலைப்பு முழுக்கச் சிவப்பு. "பல்லு விழுந்தா இவ்ளோவா வரும்? ரெண்டு மணி நேரமா பஞ்சு வெச்சிக்கினே இருக்கேன் சார்" என்று அழுதார். உன் முழங்கையிலும் தொடையிலும் கன்றிப்போன நீலத் தடம். யாரும் உன்னை அடிக்கவில்லை. கம்பெனி வேனைக் கொடுத்தார்கள். அத்திப்பள்ளி செக்போஸ்டில் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கின்றன, வேன் நகரவில்லை. நான் உன்னைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டேன். தடுப்புக் கம்பத்தில் நின்ற போலீஸ்காரர், "மகுகே ஏனாய்த்து?" என்று குழந்தைக்கு என்ன என்று கேட்டார். எனக்குக் கன்னடமும் வரவில்லை, தமிழும் வரவில்லை. உன் வாயைக் காட்டினேன். அவர் விசிலை ஊதிக்கொண்டே ஓடி, லாரிகளை மண்ணில் இறங்க வைத்து வேனுக்கு வழி பண்ணினார். நீ என் தோளில் சாய்ந்து, "அத்தா, ரத்தம் இனிக்குது" என்றாய். இன்றைக்கும் தூக்கத்தில் அந்தக் குரல் கேட்டு எழுந்து உட்காருகிறேன்.

டாக்டரம்மா உன்னைப் பார்த்ததும் ஒரு ஊசி போடச் சொன்னார். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "மாத்திரை குடுக்கறீங்களா?"

"இல்ல."

"எத்தனை நாளா?"

சொன்னேன். ஏன் என்றும் சொன்னேன். பப்பாளியையும் சொன்னேன். திட்டுவார், நாலு பேர் முன்னால் என்னைக் கேவலப்படுத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். அப்புறம் சொன்னார்: "பப்பாளி கறிய உடைக்கும். எண்ணெய உடைக்க அதுக்குத் தெரியாது. சில வைட்டமின் எண்ணெய் கூடவேதான் உடம்புக்குள்ள போகும். ஒண்ணு கண்ணுக்கு. ஒண்ணு எலும்புக்கு. ஒண்ணு ரத்தம் உறையறதுக்கு. எண்ணெய் வெளிய போனா அதெல்லாம் கூடவே போயிரும். உங்க பையன் சாப்பிட்டுக்கிட்டே பட்டினி கிடந்திருக்கான்." வேறு மருந்து உண்டா என்று கேட்டேன். ஆட்டிலிருந்து, மாட்டிலிருந்து, செடியிலிருந்து, எதிலிருந்தாவது. "என்கிட்ட இல்ல. இருந்தா குடுத்திருக்க மாட்டேனா? உங்க பெரியவங்களப் போய்க் கேளுங்க. ஆனா இன்னிக்கே கேளுங்க. நாளைக்கு வேணாம்" என்றார்.

பக்கத்து வீட்டுக்காரர்களோடு பின்னால் வந்து சேர்ந்த உன் அம்மாவை உன் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டு நான் பஸ் பிடித்து ஓசூர் வந்தேன். அஸர் தொழுகை முடிந்து, பள்ளிவாசலில் தொழ வைக்கும் ஹஜ்ரத் தனியாக இருந்தார். ரத்தக் கறை பட்ட சட்டையோடு பள்ளிவாசலுக்குள் போகக் கூடாது என்று வாசலிலேயே நின்று சொன்னேன். அவர் எழுந்து வந்தார். முழுக்கக் கேட்டார். மூன்றே கேள்வி கேட்டார்.

"இந்த மருந்துக்கு வேற ஏதாச்சும் கெடைக்குதா?"

"இல்லீங்க ஹஜ்ரத்."

"தெரிஞ்ச டாக்டர் சொன்னாங்களா, நீங்களா சொல்றீங்களா?"

"டாக்டர் சொன்னாங்க."

"இது இல்லேன்னா புள்ள உசுருக்கு?"

சட்டையைக் காட்டினேன்.

"அப்புறம் இங்க ஏன் நிக்கிறீங்க?" என்றார். குரல் உயர்ந்துவிட்டது. "போங்க. போய்க் குடுங்க. உசுரக் காப்பாத்தறதுக்கு வழி இது ஒண்ணுதான்னா, அதுல புள்ள மேலயும் குத்தம் இல்ல, உங்க மேலயும் குத்தம் இல்ல. கேக்காம நிறுத்துனீங்க பாருங்க, அதுக்கு அல்லாகிட்ட மன்னிப்புக் கேளுங்க." நான் நடந்து தெரு முனைக்கு வந்தபோது பின்னாலேயே வந்து, பஸ்ஸுக்குக் காசு இருக்கா என்று கேட்டார்.

அன்றைக்கே எல்லாவற்றையும் உன் அம்மாவிடம் சொல்லியிருக்க வேண்டும். ஆஸ்பத்திரிக்குத் திரும்பி வந்தேன், அவள் உன் தலையை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள், நான் சொல்லவில்லை. மாத்திரையைத் திரும்பக் கொடுக்கச் சொல்கிறார்கள் என்றேன், அவ்வளவுதான். ஹஜ்ரத் சரி என்று சொன்ன பிறகும் எனக்கு பயம் போகவில்லை, பயம் ஆளை மாற்றிக்கொண்டது. தெரிந்தால் நீ துப்பிவிடுவாய் என்று பயந்தேன். பதினோரு வயதுப் பிள்ளைக்குக் கட்டாயம், அனுமதி என்றெல்லாம் எப்படி விளங்கும்? அதனால் ஒவ்வொரு பாட்டிலிலும் லேபிளை பிளேடால் சுரண்டினேன். பெரியவனாகட்டும், சொல்லலாம் என்று தள்ளிப் போட்டேன். பத்தாவது முடியட்டும். டிப்ளமோ முடியட்டும். வேலை கிடைக்கட்டும். கடைசியில் யாரோ ஒருவன் ரூமில் உட்கார்ந்து பேச்சோடு பேச்சாகச் சொல்லி, நீ தெரிந்துகொண்டாய். நான் சொல்லியிருந்தால் ஹஜ்ரத் சொன்னதையும் சேர்த்துச் சொல்லியிருப்பேன். அவன் பாதியைத்தான் சொல்லியிருக்கிறான். மீதிப் பாதியைச் சொல்ல வேண்டியவன் நான்.

இப்போது உன் விஷயம். நீ அங்கே யாரையும் கேட்காமல் முடிவு செய்திருந்தால், அம்பத்தூரிலும் பள்ளிவாசல் இருக்கிறது, போய்க் கேள். இந்தப் பன்னிரண்டு வருடத்தில் வேறு எதிலிருந்தாவது செய்யும் மருந்து வந்திருக்கிறதா என்று டாக்டரைக் கேள். வந்திருந்தால் என்னைவிடச் சந்தோஷப்படுகிறவன் இருக்க மாட்டான். வரும் வரைக்கும் இருப்பதைப் போடு. இன்னொன்று. அந்தத் தண்ணீர் தாகம். உணவை உடைக்கும் சாறு ஒரு பக்கம் என்றால், அதே கணையம்தான் ரத்தத்தில் சர்க்கரை கூடாமல் பார்த்துக்கொள்ளும் இன்சுலினையும் சுரக்கிறது. வாலிபம் வரும்போது அதுவும் கெட்டுப் போகலாம், கவனமாக இருங்கள் என்று டாக்டரம்மா அன்றைக்கே சொல்லியிருந்தார். வருடத்துக்கு ஒரு முறை உன்னை ரத்தப் பரிசோதனைக்கு இழுத்துக்கொண்டு போனது அதற்குத்தான், ரத்த சோகைக்கு என்று சொன்னது பொய். கல்யாணம் முடியட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று நினைக்காதே. தள்ளிப் போடுவதில் நான் தேர்ந்தவன், அதில் எனக்குத் தெரியாதது இல்லை. அந்தப் பெண்ணிடமும் சொல்லிவிடு. சம்பந்தி வீட்டாரிடம் சின்னதில் வயிற்றுக் கோளாறு என்று மட்டும் சொல்லி வைத்திருக்கிறோம். அது போதாது. உன் தட்டில் சோறு போடப் போகிறவளுக்கு உன் வயிற்றுக்குள் என்ன நடக்கிறது என்று தெரிய வேண்டும். தெரிந்து அவர்கள் வேண்டாம் என்றால் என்ன செய்வது என்று நீ கேட்கலாம். எனக்கும் அந்த பயம் உண்டு. ஆனால் நான் அத்திப்பள்ளியில் பட்ட பயத்தை அந்தப் பெண் எதுவும் தெரியாமல் தனியாகப் படக் கூடாது.

நேற்று இதுவரை எழுதிவிட்டு நிறுத்தினேன். உனக்கு இத்தனையும் எழுதிவிட்டு, பக்கத்து அறையில் இருப்பவளிடம் சொல்லாமல் இருப்பது என்ன நியாயம் என்று தோன்றியது. இன்று காலை உன் அம்மாவிடம் சொன்னேன். முறத்தில் துவரம்பருப்பு புடைத்துக்கொண்டிருந்தாள். முதலில் மாத்திரை எதில் செய்தது என்று சொன்னேன். கை நின்றது. "ஹஜ்ரத் குடுக்கலாம்னு சொன்னாரா?" என்று கேட்டாள். சொன்னார் என்றேன். "அப்புறம் இன்னா?" என்று மறுபடி புடைக்க ஆரம்பித்தாள். பன்னிரண்டு வருடம் நான் நடுங்கிய விஷயம் அந்த ஒரு வார்த்தையில் முடிந்துவிட்டது. நான் தைரியம் வந்து மீதியையும் சொன்னேன். முறத்தைக் கீழே வைத்தாள்.

"டாக்டரம்மா நிறுத்தச் சொன்னாங்கன்னு சொன்னீங்களே."

"நான்தான் நிறுத்துனேன்."

அப்புறம், சத்தம் போடாமல், பருப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அந்த நாப்பது நாளும் நான் ஆக்கிப் போட்டது எல்லாம் புள்ளைக்கு வெளிய போச்சு. என் கையில ஏதோ கெட்டது இருக்குதுன்னு நெனச்சேன். நான் ஆக்குறத வுட்டுட்டு, பக்கத்து வூட்டு அக்காகிட்ட சோறு கேட்டு வாங்கியாந்து போட்டேன். எதுக்குன்னு கேட்டவங்ககிட்ட பொய் சொன்னேன். இன்னிக்கு வரைக்கும் அவனுக்குச் சோறு போடறப்ப மனசுக்குள்ள பயந்துக்கினுதான் போடறேன். நீங்க பாத்துக்கினுதானே இருந்தீங்க?"

பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பக்கத்து வீட்டிலிருந்து சோறு வந்ததைக் கண்டும் ஏன் என்று கேட்கவில்லை. கேட்டால் என் குட்டு உடைந்துவிடும் என்று கேட்கவில்லை. ஊருக்கும், அண்ணன்மாருக்கும், அவள் அருவருப்படைவாளோ என்பதற்கும் பயந்த நான், இதற்குப் பயந்திருக்க வேண்டும். இது என் நினைப்பிலேயே வரவில்லை.

அவள் எழுந்து கை கழுவினாள். பையில் இரண்டு புடவையும், பிரிக்காத அந்தப் பாட்டிலையும் வைத்தாள். "அம்பத்தூருக்கு எந்த பஸ்ஸு?" என்று கேட்டாள். கிருஷ்ணகிரிக்கு அப்பால் அவள் தனியாகப் போனதில்லை. நானும் வருகிறேன் என்று சட்டையை எடுத்தேன். "நீங்க வர வேணாம்" என்றாள். அதற்குப் பிறகு என்னோடு அவள் பேசவில்லை. நாளைக் காலை முதல் பஸ்ஸில் ஏற்றிவிடுகிறேன். இந்தக் கடிதத்தை அவள் கையிலேயே கொடுத்தனுப்புகிறேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது, இதில் என்ன இருக்கிறது என்றும் கேட்கவில்லை.

நீ இதை இவ்வளவு தூரம் படித்துவிட்டாய் என்றால், தலையை நிமிர்த்திப் பார். எதிரில்தான் உட்கார்ந்திருப்பாள். உன் ரூம் ஸ்டவ்வில் அவள் கையால் ஏதாவது ஆக்கச் சொல்லி, அவள் பார்க்க மாத்திரையோடு சாப்பிடு. பிறகு அவளைக் கூட்டிக்கொண்டு போய் உன் ரத்தத்தைப் பரிசோதனைக்குக் கொடு. முடிந்ததும் நம் தெரு முனை பூத்துக்கு ஒரு போன் போடு. நம்பர் அம்மா மடித்து வைத்திருக்கிறாள். லீவு சொல்லிவிட்டேன். பூத் திறந்ததிலிருந்து மூடும் வரை அங்கே பெஞ்சில்தான் உட்கார்ந்திருப்பேன்.

உன் அத்தா.